பந்தியில் தொலைந்த கிளிப்

முன்பல் எடுப்பாக இருப்பவர்களுக்குச் சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். எனக்கு அது ஆறாம் வகுப்பில் ஆரம்பித்து முப்பத்தோரு வயது வரை நடந்தது. என் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட நான் சிரிக்கவில்லை. பார்ப்பவர்கள் கட்டாயக் கல்யாணம் என்று நினைப்பார்கள். (என் கணவரே கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தாராம்.)

பூதலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். கம்பிக் கிளிப் மாட்டிக்கொண்டு பிளஸ் டூ பிள்ளைகள் முன்னால் நிற்கும் தைரியம் எனக்கில்லை. அப்போதுதான் தஞ்சாவூரில் ஒரு பல் டாக்டரம்மா கண்ணாடி மாதிரி ஒரு உறையைக் காட்டினார். அதுவும் கிளிப்தான், ஆனால் பல்லின் மேல் மாட்டிக்கொண்டால் வெளியே தெரியாது. சாப்பிடும்போது மட்டும் கழற்ற வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு புது உறை. ஒவ்வொன்றும் பல்லை இம்மியளவு நகர்த்தும். கழற்றினால் டப்பாவில்தான் வைக்க வேண்டும், டிஷ்யூவில் சுற்றக் கூடாது, வெந்நீர் படவே கூடாது என்று சொல்லி அனுப்பினார். ஊருக்கே வாய்பாடு சொல்லிக்கொடுப்பவள், மூன்று விஷயத்தை மறப்பேனா என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வாரம் வகுப்பில் ‘சைன் தீட்டா’ என் வாயிலிருந்து ‘ஷைன் தீத்தா’ என்று வந்தது. கடைசி பெஞ்சு முழுவதும் குனிந்தே பாடம் கவனித்தது. பொறுத்துக்கொண்டேன். ஏழாவது மாதத்தில் கண்ணாடியில் பார்த்தால், கயிறு பிடித்து நட்ட நாற்று மாதிரி பல்லெல்லாம் வரிசைக்கு வந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் பட்டுக்கோட்டையில் என் தம்பி செந்திலுக்குக் கல்யாணம். தாலியில் மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் மீதி இரண்டு முடிச்சையும் நாத்தனார் போடுவது எங்கள் வழக்கம். செந்திலுக்கு நான் ஒரே அக்கா. அதனால் என்னை விட்டால் வேறு ஆளில்லை.

பட்டுப்புடவைக்குப் பொருத்தமாக எடுத்த குட்டிப் பையில் கிளிப் டப்பா நுழையவில்லை. (டப்பா நீலம், பை அரக்கு. அதுவும் ஒரு காரணம்.) காலை டிபனுக்கு உட்கார்ந்ததும் கிளிப்பைக் கழற்றி டிஷ்யூவில் சுற்றி இலையோரம் வைத்தேன். அசோகா அல்வாவை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று யாரோ கூப்பிட்டார்கள். இலையை மடித்துவிட்டு எழுந்து, கை கழுவி, மாடியில் போய்ப் பொட்டைச் சரிசெய்யும்போது நாக்கில் முன்பல் தட்டுப்பட்டது. வெறும் பல்.

இறங்கி ஓடினேன். பந்தியில் அடுத்த வரிசைக்கு இலை போட்டுத் தண்ணீரும் தெளித்தாகிவிட்டது. மண்டபத்தின் பின்னால் மூன்று பெரிய டிரம்களில் எச்சில் இலை குவிந்திருந்தது. இலை எடுக்கும் அஞ்சலை அக்கா அங்கே நின்றிருந்தார். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரம்முக்குள் குனிவதைப் பார்த்ததும் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“என்னம்மா போச்சு, மோதிரமா?”

“கிளிப்புக்கா.”

“தலைக்கு மாட்டுற கிளிப்புக்கா இம்புட்டு ஓட்டம்?”

“பல்லுக்கு மாட்டுறது.”

அவர் என் வாயைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “பல்லு எல்லாம் இருக்கே.”

விளக்கியதும் காரியத்தில் இறங்கிவிட்டார். எந்த வரிசை என்று கேட்டார். ஜன்னலோரம் என்றேன். அப்படியானால் நடு டிரம்தான் என்று தீர்ப்புச் சொல்லி, தரையில் சாக்கை விரித்து, டிரம்மைச் சாய்த்தார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து இலை இலையாகப் பிரித்தோம். முதல் டிஷ்யூவில் பாதி வடை இருந்தது. இரண்டாவதில் யாரோ மனைவிக்குத் தெரியாமல் விழுங்காமல் விட்ட மாத்திரை.

உள்ளே மைக் அழைத்தது. மாப்பிள்ளையின் சகோதரி எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும் என்று முதலில் மரியாதையாக ஒருவர் சொன்னார். அடுத்த முறை என் பெயரைச் சொன்னார். மூன்றாவது முறை மைக்கில் வந்தது அம்மாவின் குரல்: “சுமதி, எங்கடி போய்த் தொலைஞ்ச?”

அதே நேரம் அஞ்சலை அக்கா எதையோ தூக்கிக் காட்டினார். “நண்டு ஓடு மாதிரி இருக்கே, இதுவா பாருங்க.”

அதுவேதான். என்னைத் தேடி வந்த என் கணவரின் கையில் அதைத் திணித்து, கழுவி வைக்கச் சொல்லிவிட்டு மேடைக்கு ஓடினேன். கெட்டிமேளம் தொடங்கியிருந்தது. செந்தில் முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் போய் இரண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டேன். குனிந்திருந்த மணப்பெண் மெல்லக் கேட்டாள்: “அண்ணி, எங்கேந்து சாம்பார் வாசனை வருது?” புகுந்த வீட்டாரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

அப்போது என் கணவர் கையில் டம்ளரோடு மேடையேறி வந்தார். அவர் அரிசி ஆலைக்காரர். எதையும் அவித்தால்தான் சுத்தம் என்பது அவர் கட்சி.

“காபி பாய்லர்ல கொதிக்கிற தண்ணியப் புடிச்சுப் போட்டு எடுத்துட்டேன். ஒரு கிருமி இருக்காது.”

டம்ளருக்குள் கிளிப் கத்திரி வற்றல் மாதிரி சுருண்டு கிடந்தது. நியாயமாக நான் அழுதிருக்க வேண்டும். ஆனால் அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு கையிலும் யாரோ அப்போதுதான் கொடுத்த அட்சதைத் தட்டு. வாயை மூட வழியில்லை. அத்தனை பல்லும் தெரிய, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். போட்டோகிராபர் மணமக்களை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பிவிட்டார்.

அம்மா வீட்டுக் கூடத்தில் இன்று பெரிதாக மாட்டியிருப்பது அந்தப் படம்தான். மணமக்கள் ஓரமாக இருக்கிறார்கள். டாக்டரம்மாவிடம் திட்டு வாங்கத் தயாராகப் போய் போனில் அதைத்தான் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, மேல்வரிசை நன்றாக வந்திருக்கிறதே என்றார். புது உறை செய்து வர மூன்று வாரம் தாமதம், அவ்வளவுதான். போன வருடம் கடைசி உறையையும் கழற்றியாயிற்று. இப்போது தப்பாகக் கணக்குப் போடும் பிள்ளையைப் பார்த்துக்கூட வாய் நிறையச் சிரிக்கிறேன். அவர்களுக்குத்தான் பயமாக இருக்கிறதாம்.

அந்த மண்டபத்தில் அஞ்சலை அக்கா இப்போதெல்லாம் இலையில் கை வைப்பதற்கு முன் ஒரு குரல் கொடுக்கிறார்: “பல்லு, கிளிப்பு வெச்சிருக்கிறவங்க எடுத்துக்குங்க.” எங்கள் சொந்தக்காரர்கள் எந்த ஊர்ப் பந்தியிலும் அதைச் சொல்லாமல் எழுந்திருப்பதில்லை. போன ஆவணியில் அதே மண்டபத்தில் ஒரு கல்யாணம். அவர் குரல் கொடுத்ததும் எங்கள் வரிசையே என்னைப் பார்த்துச் சிரித்தது. எதிர் வரிசையில் ஜரிகை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. இலைக்கு அடியில் கையை விட்டு எதையோ எடுத்தார். முகத்தைத் திருப்பி வாயில் பொருத்திக்கொண்டு, நிதானமாக வெற்றிலை மடிக்க ஆரம்பித்தார்.