ஒன்மோர் வரிசையில் நின்ற கதை

ஆம்பூரில் ஒன்மோரைக் கண்டு ஓடாதவர்கள் இரண்டே வகை: ஊருக்குப் புதியவர்கள், கால் முறிந்தவர்கள். கெட்ட மனிதரில்லை. நடிகர். அதாவது, எங்கள் ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே பதினைந்து வருடமாக நடிகராகக் காத்திருந்தவர்.

நான் அங்கே டைம் ஆபீஸ் கிளார்க். லீவு கேட்டு என்னிடம்தான் வருவார். "வயித்து வலி பிரதர்" என்று முனகுவார். நான் கையெழுத்துப் போட்ட பிறகும், "இது சரியா வர்ல. ஒன் மோர்" என்று ஷூட்டிங்கில் சொல்வதுபோல் சொல்லி வெளியே போய், மறுபடி முனகிக்கொண்டே வருவார். பெயர் அப்படி வந்ததுதான். சர்ச் கிறிஸ்துமஸ் நாடகத்தில் மேய்ப்பன் வேடம் கொடுத்தபோது, பத்து நாள் ஆட்டுப்பட்டியில் படுத்துவிட்டுக் குளிக்காமல் மேடை ஏறினார். முன்வரிசை பெஞ்சுகள் ஐந்தே நிமிடத்தில் காலி.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு டிவி சீரியலில் அவருக்கு இலங்கை அகதி வேடம் கிடைத்தது. படகிலிருந்து இறங்கி, வரிசையில் நின்று, அதிகாரியிடம் பெயர் சொல்ல வேண்டும். நன்றாக வந்தால் தொடர் முழுக்க வேடம் என்று டைரக்டர் ஆசை காட்டியிருந்தார். உடனே ஒன்மோர் என்னையும் இழுத்துக்கொண்டு பக்கத்திலிருந்த அகதி முகாமுக்குப் போனார். அங்கே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம், "வந்து எறங்குனப்போ எப்டி அழுதீங்க? கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்டேவிட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அந்த அம்மா கோபப்படவில்லை. "அழேல்லை அண்ணை. களைச்சுப் போனம். இந்த வரிசை எப்ப முடியும் எண்டுதான் நிண்டனாங்கள். கால் நொந்தது. அவ்வளவுதான்."

அன்றைக்கே ஊருக்குச் சனி பிடித்தது. எங்கே வரிசை இருந்தாலும் ஒன்மோர் அதில் நின்றார். ரேஷன் கடை, கரண்ட் ஆபீஸ், பிரியாணிக் கடை. தன் முறை வந்ததும் விலகி, மறுபடி கடைசியில் போய் நிற்பார்.

"இன்னா வேணும்?" என்றார் ரேஷன் கடைக்காரர்.

"ஒண்ணும் வாணாம். நிக்கத்தான் வந்தேன்."

"ஏற்கெனவே கூட்டம் ஜாஸ்தி. பேஜார் பண்ணாத நைனா!"

பின்னால் நிற்பவர்களைத் திரும்பிப் பார்த்து, "என் முதுகு களைச்ச மாதிரி இருக்குதா?" என்று வேறு கேட்பார். அவர்கள் புகார் சொல்ல என்னிடம் வந்தார்கள். ஒரு மாதம் அதைக் கேட்டுக் கேட்டு நான்தான் களைத்துப் போனேன்.

காவேரிப்பாக்கம் ஏரிக்கரையைக் கடற்கரையாக வைத்து ஷூட்டிங். துணைக்கு நானும் போயிருந்தேன். கண்ணீருக்குக் கிளிசரின் கொண்டு வந்தார்கள். ஒன்மோர் வேண்டாம் என்றுவிட்டார்.

"அழுங்க சார்!" என்று டைரக்டர் கத்தினார்.

"அழ மாட்டாங்க சார். களைச்சிருப்பாங்க."

"அழலன்னா அகதின்னு எவனுக்கு சார் தெரியும்?"

டைரக்டர் பதினொரு தடவை ஒன் மோர் சொன்னார். பதினொரு தடவையும் இவர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றபடி, அதிகாரியின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. ஓரமாக இழுத்து, "ரெண்டு சொட்டு விட்டுத் தொலைங்கண்ணா. பதினஞ்சு வருசமாச்சு" என்றேன்.

"அந்தம்மா பாப்பாங்க பிரதர்" என்றார்.

வேடம் போயிற்று. வேறொருவர் வந்து குடம் குடமாக அழுதார், வசனமும் அவருக்கே போனது. ஒன்மோரை வரிசையின் கடைசியில் நிறுத்தினார்கள்.

ஒளிபரப்பான அன்று முகாமில்தான் பார்த்தோம். அழுதவரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவருக்குப் பின்னால், ஓரத்தில், நாலைந்து விநாடி ஒன்மோர் நின்றார். அந்த அம்மா ஒன்மோர் பக்கம் திரும்பி, "அண்டைக்கு நிண்டு நிண்டு கால் சரியா நொந்திருக்கும், என்ன அண்ணை?" என்றார்.

ஒன்மோர் தலையை மட்டும் ஆட்டினார். நடித்துக் காட்டவில்லை.

அந்த மனிதரால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் அன்று அவர் பக்கத்தில் நின்றதே எனக்குப் பெருமையாக இருந்தது. திரும்பும் பஸ்ஸில் ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது.

"உக்காருங்கண்ணா" என்றேன்.