கறுப்பு ஸ்பேனர்

துணிப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினார் சாவி. பறிமுதல் விவரம் எழுதிய மகஜரின் நகல் விழுந்தது. உடைந்த அரக்குத் துண்டு விழுந்தது. ஸ்பேனர் மட்டும் விழவில்லை.

சுங்க அலுவலகத்தில், பிடிபட்ட பொருள்களைப் பூட்டி வைக்கும் அறைக்கு அவர்தான் காப்பாளர். இடுப்பில் எந்நேரமும் சாவிக்கொத்து தொங்கியதில் எல்லோரும் ‘சாவி’ என்றே கூப்பிட, பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்துகொண்டு வந்தது. பையில் இருந்திருக்க வேண்டியது, வெளியே கறுப்புச் சாயமும் உள்ளே சுத்தத் தங்கமுமான ஒரு ஸ்பேனர். எடை ஒரு கிலோ இருநூறு கிராம். அதைக் கடத்தி வந்த மெக்கானிக்கின் வழக்கு ஏழு வருஷம் இழுத்தடித்து, இன்று பதினொரு மணிக்கு விசாரணை. ஸ்பேனரை நீதிபதி முன் வைக்காவிட்டால், மெக்கானிக்கை இறக்கிவிட்டு அதே கூண்டில் சாவியை ஏற்றிவிடுவார்கள்.

இப்போது மணி ஒன்பது.

“கறுப்பு ஸ்பேனரா?” ஜீப் டிரைவர் டீயை ஊதினார். “மூணு வருஷம் முன்னாடி டயர் மாத்த நான்தானே சார் எடுத்துட்டுப் போனேன். உங்களைக் கேட்டுத்தான்.”

“என்னையா?”

“ஸ்பேனர் இருக்கான்னு கேட்டேன். அலமாரியில பாரு, ஏதாவது கிடக்கும்னீங்க. பேப்பர்லேருந்து தலையைக்கூட நிமிர்த்தல.”

சாவி யோசித்துப் பார்த்தார். சொல்லியிருப்பார். அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான் அவர்.

“அரக்கு வெச்சு ஒட்டியிருந்துச்சேய்யா!”

“அதான் சார். இவ்வளவு பத்திரமா வெச்சிருக்காங்களே, நல்ல கம்பெனி சரக்கு போலன்னு உடைச்சேன். தண்டம். ஒரே திருகுல வாயைப் பிளந்துருச்சு.”

“இப்ப எங்க?”

“பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டுட்டேன். ஒரு பிளாஸ்டிக் வாளி குடுத்தார். கையில தூக்கிப் பாத்துட்டு, கனமா இருக்கேன்னு மூடியும் சேத்துக் குடுத்தார்.” டிரைவர் ஒரு வாய் டீ குடித்தார். “நல்ல மனுஷன்.”

பழைய இரும்புக்கடை இருந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் நின்றது. முதலாளி வெளிநாட்டில் ஓய்வெடுக்கிறார் என்று காவலாளி சொன்னார்.

அங்கிருந்து நேரே ஹார்டுவேர் கடை. ஒரு சாண் நீளத்தில் இரும்பு ஸ்பேனர் வாங்கினார் சாவி. தராசில் வைத்தால் ஐநூறு கிராம்கூடத் தேறவில்லை. “எடை வர்ற மாதிரி குடுங்க” என்றார். கடைக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, லாரிக்குப் போடும் ஸ்பேனரை எடுத்தார். எடை கச்சிதம். நீளம்தான் ஒரு முழம்.

“நீளத்தை யார் சார் அளக்கப்போறா?” என்றார் டிரைவர்.

பைக்குள் பாதிதான் நுழைந்தது. பூசிய கறுப்புச் சாயம் காய்வதாக இல்லை. ஜீப் ஜன்னலுக்கு வெளியே அதை நீட்டிப் பிடித்தபடியே போனார் சாவி. சாயம் காய்ந்ததோ இல்லையோ, தெருப்புழுதி முழுக்க அதில் ஏறிக்கொண்டது.

நீதிபதி ஸ்பேனரைப் பையிலிருந்து உருவினார். ஐந்து விரலும் கறுப்பு.

“ஏழு வருஷத்துச் சாயம் இன்னுமா காயல?”

“ரூம்ல ஈரம் ஜாஸ்திங்க ஐயா.”

“மகஜர்ல ஒரு சாண்னு எழுதியிருக்கு. இது என்ன இவ்வளவு நீளம்?”

“சூட்டுக்கு நீண்டிருக்கும்ங்க.”

“இப்பதானே ஈரம்னீங்க?”

நீதிபதி கண்ணசைத்ததும் நகை மதிப்பீட்டாளர் வந்து சுரண்டினார், உரசினார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி உரசினார்.

“சுத்த இரும்புங்க.”

எதிர்த்தரப்பு வக்கீல் நாற்காலி கவிழ எழுந்தார். “இதைத்தானே ஏழு வருஷமாச் சொல்றோம்! என் கட்சிக்காரர் கொண்டுவந்தது வெறும் ஸ்பேனர்!”

கூண்டில் நின்ற மெக்கானிக் ஸ்பேனரைப் பார்த்தான். பிறகு சாவியைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். மெதுவாகச் சாவிக்கு ஒன்று விளங்கியது. இது என்னுடையது இல்லை என்று இவனால் வாய் திறக்க முடியாது. திறந்தால் சிறை, மூடினால் வீடு. ஒரே இரும்பு இரண்டு பேரையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

“நீங்க என்ன சொல்றீங்க?” என்று மெக்கானிக்கைக் கேட்டார் நீதிபதி.

“என்னுதுதாங்க. அதே ஸ்பேனர்தான்.”

ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது சாவிக்கு. அரசு வக்கீல் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். விடுதலை என்று எழுத நீதிபதி பேனாவைத் திறந்தார்.

கடைசி பெஞ்சிலிருந்து ஓர் அம்மாள் விறுவிறுவென்று முன்னால் வந்தாள். மெக்கானிக்கின் மாமியார்.

“அத்தே, வேணாம் அத்தே! உக்காருங்க!” கூண்டுக்குள்ளிருந்து அவன் கைகூப்பினான்.

அவள் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“எழுதாதீங்க ஐயா! மாப்பிள்ளையை எத்தனை வருஷம் வேணும்னாலும் உள்ள வெச்சுக்கங்க. அந்த ஒரு சாண் ஸ்பேனரு என் காசுல வாங்கின தங்கம், அதை மட்டும் என் கையில குடுத்துருங்க!”