ஜப்பான்காரருக்கு வைத்த கொரிய வணக்கம்

ஆசிரியர் வேலையில் நான் அதிகம் சொன்ன வாக்கியம், "எனக்குத் தெரியும், உட்காரு" என்பதுதான். இத்தனை வருடத்தில் எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேனோ. அதில் பாதி முறை எனக்குத் தெரியாது. (மீதிப் பாதியில் சந்தேகம்.) பிள்ளைகளுக்கும் அது தெரியும் என்பதுதான் இந்தத் தொழிலின் கொடுமை.

வேலம்பாளையம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். ஃபிரெஞ்சுப் புரட்சி, ரஷ்யப் புரட்சி, இரண்டு உலகப் போர்கள் எல்லாம் என் பொறுப்பு. காங்கேயத்தில் பிறந்து திருப்பூரில் வாழ்க்கைப்பட்டு, உலகத்தில் அதிகபட்சம் குருவாயூர் வரை போய் வந்தவள் நான். என்னைவிட என் மாணவர்களுக்கு உலகம் பழக்கம். அவர்களுடைய அப்பா அம்மா தைக்கிற பனியன் போகாத நாடு இல்லை. "பிரான்ஸ் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டால், "ஊசி ஓட்டை இருந்தாக்கூட ரிஜெக்ட் பண்ணிருவாங்க மிஸ்" என்பார்கள். நான் அதைக் காதில் வாங்காமல் கரும்பலகையில் 'பாஸ்டில் சிறை' என்று எழுதுவேன்.

எங்கள் தாளாளருக்குப் பனியன் கம்பெனியும் உண்டு. கொரோனா எல்லாம் முடிந்து பள்ளி பழையபடி நடக்கத் தொடங்கிய சமயம். ஒரு திங்கட்கிழமை ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், வெள்ளிக்கெழம ஜப்பான்ல இருந்து பையர் வர்றாருங்க. பெரிய ஆர்டருங்க. கம்பெனியப் பாத்துட்டு நம்ம ஸ்கூலையும் பாக்கோணும்னு சொல்லிப்போட்டாருங்க. புள்ளைங்களுக்கு அவங்க கலாச்சாரமெல்லாம் சொல்லிக்குடுத்து, அவங்க பாஷையிலயே வணக்கம் சொல்ல வெச்சுப்போடுங்க."

"நானுங்களா சார்?"

"நீங்கதானுங்களே உலக வரலாறு?"

அந்த நிமிடம் நானே உலக வரலாறு ஆகிவிட்டேன். ஜப்பான் பற்றி எனக்குப் பாடப்புத்தகத்தில் இருக்கிற ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "பண்ணிப்போடலாமுங்க சார்" என்றேன்.

உடை சுலபமாக முடிந்தது. கம்பெனியில் மிஞ்சிய வெள்ளைத் துணியில், நான் வரைந்து கொடுத்த படத்தைப் பார்த்துப் பன்னிரண்டு கிமோனோ தைத்துக் கொடுத்துவிட்டார்கள். அதை எந்தப் பக்கம் மடித்துக் கட்டுவது என்று ஒரு கேள்வி வந்தது. வலது பக்கம்தானே நல்லது? வலது பக்கத்தை மேலே வைத்துக் கட்டச் சொன்னேன்.

பாஷைதான் மிச்சம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போனைப் பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்து, ஜப்பான் வணக்கம் பற்றி ஒரு வீடியோவைப் போட்டுவிட்டு தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாவது தோசை கருகியதில் கவனம் போய்விட்டது. அந்த வீடியோ முடிந்து வேறொன்று தானாக ஓட ஆரம்பித்ததை நான் பார்க்கவில்லை. காதில் விழுந்ததைக் காலண்டர் தாளில் எழுதிக்கொண்டேன். வணக்கத்துக்கு 'அன்னியோங் ஹாசெயோ'. நன்றிக்கு 'கம்சா ஹம்னிதா'.

மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் போய், "கவனிச்சீங்களா? அன்னியோங்! நம்ம அன்னியோன்யம்! தமிழுக்கும் ஜப்பானுக்கும் ஆயிரம் வருஷத் தொடர்பு இருக்கு" என்று ஆராய்ச்சி முடிவையும் அறிவித்தேன். (ஆராய்ச்சி நடந்த இடம்: தோசைக்கல் பக்கம்.)

ரோஸ்லின் எழுந்து நின்றாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், அம்மா செக்கிங். ஆன்லைன் வகுப்புக்காக வீட்டில் வாங்கிக் கொடுத்த போனில் கொரிய நாடகங்களை ஒன்று விடாமல் பார்த்து முடித்தவள். கிமோனோ கட்டப்போகிற பன்னிரண்டு பேரில் அவளும் ஒருத்தி.

"மிஸ், அது ஜப்பான் இல்ல மிஸ். கொரியா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நாடகத்துல எல்லாரும் இப்படித்தான் சொல்லுதாங்க. ஜப்பான்னா 'கொன்னிச்சிவா'ம்பாங்க மிஸ்."

"யாரைக் கொன்னுட்டு வரணும்?" என்றேன்.

வகுப்பே சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சிரிப்பு அடங்கும் வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"மிஸ், போன மாசம் நீங்கதான நடத்துனீங்க? ஜப்பான்காரங்க கொரியாவப் புடிச்சி முப்பத்தஞ்சு வருசம் ஆண்டாங்க, ஸ்கூல்ல அவங்க பாஷையே பேசக்கூடாதுன்னாங்கன்னு. இப்ப ஜப்பான்காரர்ட்டயே போயி கொரியா பாஷையில வணக்கம் சொன்னா..."

என் பாடத்தை என் வகுப்பில் ஒருத்தி காது கொடுத்துக் கேட்டிருக்கிறாள். கேட்டது மட்டுமில்லை, அதை வைத்து யோசித்தும் இருக்கிறாள். ஓர் ஆசிரியைக்கு வாழ்க்கையில் இரண்டு மூன்று தடவைதான் இப்படி வாய்க்கும். நான் அதைக் கொண்டாடிய விதம் இதுதான்.

"எனக்குத் தெரியும், உட்காரு."

அவள் உட்காரவில்லை.

"அப்படின்னா வெளியே போய் நில்லு."

மணி அடிக்கும் வரை வராந்தாவில் நின்றாள். அவளுடைய கிமோனோவை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். அன்று வீட்டுக்குப் போய் அந்த வீடியோவை இன்னொரு தடவை பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. பார்த்தால் அவள் சொன்னது சரியாக இருந்துவிடுமோ என்ற பயம்.

வெள்ளிக்கிழமை ஜப்பான்காரர் வந்தார். நரைத்த தலை, சின்ன உருவம், பூனை நடக்கிற மாதிரி நடை. கூடவே மொழிபெயர்க்கச் சென்னையிலிருந்து ஒரு தம்பி. தாளாளர் சால்வையோடு முன்னால் நின்றார். நான் கையை உயர்த்தி சைகை காட்டினேன். வெள்ளைக் கிமோனோவில் பன்னிரண்டு பெண்களும், பின்னால் வகுப்பு முழுக்கவும் இடுப்பு வரை குனிந்து கூரை அதிரக் கத்தினார்கள்.

"அன்னியோங் ஹாசெயோ!"

ஜப்பான்காரர் நின்றுவிட்டார். பிறகு மெதுவாகத் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். யாராவது கொரியாக்காரர் வந்திருக்கிறாரா என்று தேடினார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அப்போது, பிரமித்துவிட்டார் என்று நினைத்தேன்.

அந்தத் தைரியத்தில் மேடையேறி, ஜப்பான் வரலாற்றை ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேசி, கடைசியில் இடுப்பை வளைத்து "கம்சா ஹம்னிதா" என்றும் முடித்தேன். அவர் எழுந்து என்னைவிட ஆழமாகக் குனிந்தார். அந்தத் தம்பி மட்டும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமிக்கொண்டே இருந்தான்.

கார் கிளம்புமுன் அவன் என்னிடம் ஓடி வந்தான். "மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க பேசினது கொரியன். அப்புறம், கிமோனோவை வலது பக்கம் மேல வர்ற மாதிரி மடிச்சா அது பொணத்துக்குக் கட்டுறது. அதுவும் வெள்ளையில."

பன்னிரண்டு பிணங்கள் கொரிய மொழியில் வரவேற்றிருக்கின்றன.

அரை மணி நேரத்தில் தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார். கத்தியிருந்தால் பரவாயில்லை. கொங்குநாட்டு மரியாதை கோபத்தில்தான் உச்சத்துக்குப் போகும்.

"உக்காருங்க டீச்சர். தண்ணி குடிக்கறீங்களா? அந்தத் தம்பி எல்லாஞ் சொல்லிப்போட்டானுங்க. ஜப்பான் ஐயா ஒண்ணுமே சொல்லலீங்க. அதுதானுங்க எனக்குப் பயமா இருக்குது. இந்த ஆர்டர் போச்சுன்னா நூறு பேருக்கு வேலை இல்லீங்க. இதைய யாருங்க புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்தது?"

அவர் கேட்டது நேரான கேள்வி. அதற்கு ஒரே ஒரு சொல்லில் பதில் இருந்தது. என் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஒரு புள்ளைங்க சார். எப்பப் பாரு கொரியன் நாடகமே பாத்துட்டுக் கெடக்கும். நான் சரியாத்தான் சொல்லிக்குடுத்தேனுங்க. அது கடைசி நேரத்துல எல்லாத்தையும் மாத்திவிட்டுருச்சுங்க."

(மேடையில் நானே 'கம்சா ஹம்னிதா' சொன்னேனே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பேன். அன்று என் மூளை அப்படி வேலை செய்தது.)

ரோஸ்லினை வரவழைத்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங் கண்ணு, நீதான் அந்தக் கொரியா வணக்கத்தைச் சொல்லிக்குடுத்தியா?"

"இல்ல சார். நான்தான் வேண்டாம்னு சொன்னேன். மிஸ்ஸுட்டக் கேளுங்க."

தாளாளர் சிரித்தார். "எம்.ஏ. படிச்ச டீச்சருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாக்கும்?"

அவள் என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. கரும்பலகையில் நான் ஏதாவது எழுதப்போகிறேன் என்று காத்திருக்கும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை. நான் எதுவும் எழுதவில்லை.

சாயங்காலம் அவளுடைய அப்பா ஷிஃப்டை விட்டுவிட்டு வந்தார். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி. என்ன ஏது என்றுகூடக் கேட்காமல் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மன்னிச்சிக்கிடுங்க டீச்சர். அந்தப் போனால வந்த வினை. இனிமே அவ கையிலயே குடுக்க மாட்டேன். ஸ்கூல விட்டு மட்டும் அனுப்பிராதீங்க."

"பரவாயில்லீங்க அண்ணா" என்றேன். மன்னித்துவிட்டேனாம்!

இருவரும் கேட்டைத் தாண்டும்போது அவள் குரல் கேட்டது. "எப்பா, நான் சொல்லவே இல்லப்பா."

"சரி, வா."

அடுத்த வாரம் ஆர்டர் உறுதியாகிவிட்டது. ஜப்பான்காரர் பிள்ளைகளின் உற்சாகத்தைப் பாராட்டி எழுதியிருந்தாராம். தாளாளர் ஆசிரியர் அறைக்கு மைசூர்பாகு அனுப்பினார். என் வேலைக்கு எந்த ஆபத்தும் இருந்திருக்கவில்லை. நான் சொன்ன பொய் யாருக்கும் தேவைப்படாத பொய். மைசூர்பாகை வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை, இரண்டு துண்டு தின்றேன்.

ரோஸ்லின் அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் என் வகுப்பில் இருந்தாள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஜப்பானின் ஏகாதிபத்தியம் பற்றித் தேர்வில் கேட்டபோது, பாடப்புத்தகத்தில் இருப்பதை ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன். தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அதைப் பார்க்காமலே பைக்குள் வைத்துவிட்டாள். பத்தாவது முடித்ததும் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் இந்தக் கதை இன்றைக்கும் ஓடுகிறது. நான் எதையாவது அடித்துச் சொன்னால் போதும், என் கணவர் இடுப்பை வளைத்து "அன்னியோங்" என்பார். விருந்தாளிகள் வந்தால் நானே நடித்துக் காட்டுவேன். தோசை கருகியது, ஜப்பான்காரர் பின்னால் திரும்பிப் பார்த்தது, பன்னிரண்டு பிணங்கள், எல்லாம் உண்டு. கைக்குட்டைத் தம்பியோடு கதை முடிந்துவிடும். தாளாளர் அறைக்குள் நான் யாரையும் கூட்டிக்கொண்டு போனதில்லை.

போன தீபாவளிக்கு நாத்தனார் குடும்பம் வந்திருந்தது. அதே கதை, அதே சிரிப்பு. இப்போது ஏழாவது படிக்கிற என் மகள், கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏம்மா, அத்தன பேர்ல ஒருத்தருக்குக்கூடவா அது கொரியன்னு தெரியல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இல்ல கண்ணு" என்றேன். "ஒருத்தருக்கும் தெரியல."