கடலுக்குள் குனிந்த குழாய்கள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள். நீங்கள் கடலுக்குள் போட்டுக் கொடுத்த குழாய்கள் மட்டும் நலமாக இல்லை.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் மிச்சமாகும் உப்புக் கரைசல் கடல்நீரைவிடக் கனம், அதனால் குழாய் வாயைச் சாய்வாக மேல்நோக்கி வைத்துப் பீய்ச்ச வேண்டும், எழும்புகிற வழியிலேயே நல்ல நீரோடு கலந்து நீர்த்துப்போய்த்தான் கீழே விழும் என்று எங்கள் சமையலறையில் கண்ணாடி ஜாடியும் சிவப்புச் சாயமும் வைத்து விளக்கினீர்களே, அத்தையின் புடவையில் அந்தச் சிவப்பு இன்னும் போகவில்லை.

ஆலை மேலாளருக்கு அது புரிந்தால்தானே. போன மாதம் மேலிடத்து விருந்தினர்களைப் படகில் கூட்டிப் போயிருக்கிறார். நீர்மட்டம் இறங்கியிருந்த நேரம். பீய்ச்சியது மேலே வந்து வரிசையாகக் கொப்பளித்திருக்கிறது. வாசனையே இல்லாததற்கு ஒருவர் மூக்கைப் பொத்தினாராம். மேலாளருக்கு மானம் போய்விட்டது. மறுநாளே முக்குளிப்பவர்களை இறக்கி, எல்லாக் குழாய் வாயையும் மட்டமாகப் படுக்க வைத்துவிட்டார். இப்போது கடல் மேலே இஸ்திரி போட்ட மாதிரி இருக்கிறது. கீழேயோ கரைசல் எழும்பவும் வழியில்லாமல், கலக்கவும் வழியில்லாமல் தரையோடு ஊர்ந்து, பள்ளம் பார்த்துப் படுத்துக்கொள்கிறது. அந்தப் பள்ளத்தில்தான் உங்கள் அத்தையின் தம்பி நண்டுக் கூடு வைக்கிறான். வேறு பிழைப்பு தெரியாதவன். தூக்கினால் செத்த நண்டுதான் வருகிறது. அவனை மேலாளரிடம் அழைத்துப் போனேன். அவர் ஜன்னல் வழியாகக் கடலைக் காட்டி, எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள் என்றார்.

"நண்டு மேல குடியிருக்கலையே சார்" என்றான் மைத்துனன்.

மேலாளர் டீ வரவழைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதி டீயோடு எழுந்து வந்துவிட்டேன். நீங்கள் உடனே லீவு போட்டுக் கிளம்பி வந்து, நாலு பேர் முன்னால் அந்தக் குழாய்களை நிமிர்த்தச் சொல்ல வேண்டும். என் மைத்துனன் வயிற்றில் அடித்தவரை நான் சும்மா விடப்போவதில்லை.

மகளுக்கு என் ஆசிகள். இருவரும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கோபம் அடங்காத மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மேலாளரே வீடு தேடி வந்தார். ஆலையின் கடல் கண்காணிப்புக் குழுவுக்கு என்னைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். படகு, குடை, மெத்தை வைத்த நாற்காலி எல்லாம் உண்டு. கையோடு ஒரு சுற்று போய்ப் பார்த்தேன். கடல் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் லீவை வீணாக்க வேண்டாம். மைத்துனனுக்கு மட்டும் அந்தப் பக்கம் ஏதாவது வேலை பாருங்கள். நண்டுத் தொழில் அவனுக்கு ராசியில்லை.