திருச்சியிலிருந்து பதுளைக்கு ஒரு மணி நேரம்

கையில் போன் வைத்திருக்கும் ஒருத்தியை வீடே அறிவாளி என்று நம்புவது ஆபத்து. அதைவிட ஆபத்து, அவளே அப்படி நம்பிக்கொள்வது.

அக்காவுக்கு இலங்கை மலையகத்தில், பதுளைக்குப் பக்கத்துப் பசறையில், எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் கல்யாணம் வைத்தபோது, நான் யுனிவர்சிட்டி கம்பஸில் புவியியல் படித்துக்கொண்டிருந்தேன். (ஆமாங்க, புவியியல்தான். கொஞ்சம் பொறுத்துச் சிரிங்க.) தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் கேட்பார்கள். நானும் உலக உருண்டையை மடியில் வைத்திருப்பவள் மாதிரி பதில் சொல்வேன்.

அம்மாவின் ஒரே தம்பி திருச்சியில் இருக்கிறார். சிறு வயதிலேயே தன் பெரியப்பா குடும்பத்தோடு இந்தியா போனவர். தாய்மாமன் மாலை போட அவர் வந்தாக வேண்டும். துணிக்கடை வேலையில் லீவு கிடைப்பதே பெரும்பாடு. பதுளைக்கு வர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று என்னிடம் கேட்டார்.

இரண்டு ஊர்ப் பெயர்களையும் போனில் தட்டினேன். ஒரு பக்கம் திறந்தது. விமானத் தூரம், அதன் கீழே விமான நேரம்: ஏறக்குறைய ஒரு மணி. பதுளையில் விமானம் இறங்க இடமில்லை என்பது எங்கள் லயத்துக் கோழிகளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு ஊருக்கும் நடுவே நேராக ஒரு கோடு போட்டு, அதன்மேல் குட்டி விமானம் ஒன்றும் வரைந்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் என் புத்தி அதில் ஏறிப் பறந்துவிட்டது.

“ஒரு மணி நேரந்தான் மாமா. கல்யாணத்தன்னைக்குக் காலையில ஏறினாப் போதும்” என்றேன்.

கல்யாணக் காலை. மேளம் தொடங்கிவிட்டது. மாமா சந்தோஷமாகப் போன் பண்ணினார்.

“கொழும்பு பக்கம் கட்டுநாயக்க ஏர்போர்ட்டுல எறங்கிட்டேன் பாப்பா. பசறைக்கு எந்தப் பக்கம் ஆட்டோ பிடிக்கணும்?”

அங்கிருந்து பசறைக்கு ரோட்டில் ஏழெட்டு மணி நேரம். வேன் பிடித்து உடனே கிளம்பச் சொல்லிவிட்டு, சமையல் கொட்டகைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அப்பா வந்து இழுத்துப்போனார். விஷயம் வெளியே வந்தது.

“என் தம்பி மாலை போடாம தாலி ஏறாது” என்றார் அம்மா. குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, பொழுது சாயும் வேளையில் இன்னொரு முகூர்த்தத்தைக் கண்டுபிடித்தார். அதுவரை கூட்டத்தை என்ன செய்வது? பந்தி போட்டார்கள். பாயாசம் குடித்து, வெற்றிலையும் போட்டுக்கொண்ட சிலர், நடக்காத கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு வீட்டுக்கே போய்விட்டார்கள். மாப்பிள்ளை உட்கார்ந்தபடியே தூங்கினார். அவருடைய பெரியம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, இந்த அளவுக்கு அறிவு வர கம்பஸில் எத்தனை வருஷம் படிக்க வேண்டும் என்று அக்கறையாக விசாரித்தார்.

மாமா வந்து சேர்ந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. மலை வளைவுகளைச் சுற்றிச் சுற்றி வந்ததில் முகம் வெளுத்திருந்தது.

“பிளேன்ல கண்ணை மூடித் தொறக்கிறதுக்குள்ள வந்துட்டேன் பாப்பா. ரோட்டுல பெரகலை மலை ஏறினதுலருந்து கண்ணைத் தொறக்கவே முடியல” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அக்காவுக்கு மாலை போட்டார். அக்கா அழுதாள், அம்மாவும் அழுதார். தாலி ஏறியது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் ‘இதோ வந்துடுறேன்’ என்றாலும், அக்கா புருஷன் “வானத்துலயா, ரோட்டுலயா?” என்றுதான் கேட்பார்.

இப்போது நான் டீச்சர். போன மாதம் வகுப்பில் வரைபடத்தை மாட்டி, இரண்டு நகரங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்கக் கற்றுக்கொடுத்தேன். என் வகுப்பிலேயே படிக்கும் அக்கா மகள் எழுந்து நின்று, மிகவும் மரியாதையாகக் கேட்டாள்:

“வானத்துலயா டீச்சர், ரோட்டுலயா?”