கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்

“கொம்பு இருக்கு. காலைக் காணோமே?” என்றாள் மனைவி, வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு.

சாப்பாட்டு மேஜைமேல் இருந்த கணினியின் கறுப்புத் திரையில் ‘தொடங்குகிறது’ என்ற சொல் வந்திருந்தது. ஒற்றைக்கொம்பு ஒழுங்காக நின்றது. துணைக்கால் மட்டும் கோபித்துக்கொண்டு திரையின் வலது ஓரத்துக்குப் போயிருந்தது.

“வந்துடும். மூணு மணிக்குத்தானே காட்டணும்?” என்றார் அஸ்திவாரம்.

அது அலுவலகத்தில் வைத்த பெயர். ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றச் சொன்னால், மனிதர் அடியிலிருந்து தோண்ட ஆரம்பித்துவிடுவார். மூன்று மாதத்துக்கு முன் குடிநீர் அலுவலகத்திலிருந்து ஒரு புகார் வந்தது: ‘கணினியைப் போட்டதும் வரும் கறுப்புத் திரையில் எழுத்து சரியாகத் தெரியவில்லை.’ கையெழுத்துகூட இல்லாத ஒற்றை வரி. வேறு யாராவது போயிருந்தால் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டு, டீ குடித்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள்.

அஸ்திவாரம் ஆராய்ந்தார். அந்தத் திரையில் எழுதுவது கணினியின் கருவான கர்னலே. அவ்வளவு பெரிய மனுஷனுக்கு இந்த எடுபிடி வேலை எதற்கு? அதைப் பிடுங்கி, வெளியே தனியாக, திரையில் எழுத்தைக் காட்டவென்றே ஒரு டெர்மினல் புரோகிராம் எழுதி அதனிடம் கொடுத்துவிட்டால், எழுத்தெல்லாம் அச்சடித்தாற்போல் தமிழில் வரும் என்று மேனேஜரிடம் அடித்துச் சொல்லிவிட்டார்.

“வரலைன்னா உனக்குப் பிரிண்டர் செக்ஷன்தான்” என்றார் மேனேஜர். பிரிண்டர் செக்ஷன் கீழ்த்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. அங்கே போனவர்கள் சிக்கிய காகிதத்தை உருவிக்கொண்டே ஓய்வு பெற்றார்கள்.

ஒரு வரியைத் திருத்தினார். கால் வந்தது. வந்த வேகத்தில் எல்லா எழுத்துக்கும் கால் முளைத்து, ‘தாடாங்காகாறாதா’ என்றது திரை.

“நான் வாய் கொப்பளிக்கிறது மாதிரியே இருக்கு” என்றாள் மனைவி.

மறுபடி திருத்தினார். எழுத்து முத்து முத்தாக வந்தது. ஆனால் எந்த விசையைத் தட்டினாலும் ஒன்றும் நடக்கவில்லை.

“தள்ளுங்க, நான் ஒரு மெயில் அனுப்பணும்.”

“இப்ப முடியாது. கீபோர்டை என் புரோகிராம் பிடிச்சு வச்சிருக்கு.”

“கேட்டு வாங்குங்க.”

“கேக்கறதுக்கே கீபோர்டு வேணுமே!”

இன்னொரு கீபோர்டைச் செருகினார். புரோகிராம் அதையும் பிடித்துக்கொண்டது.

“ஏங்க, எழுத்தை ரெண்டு சைஸ் பெரிசாக்கினா போதாதா?”

“அது ஒட்டுப்போடற வேலை” என்று பிளக்கைப் பிடுங்கினார் அஸ்திவாரம்.

ஒருவழியாகப் பகல் இரண்டு மணிக்கு விசைகளும் வழிக்கு வந்தன. எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு ஓடினார்.

குடிநீர் அலுவலகக் கவுண்டருக்கு வெளியே, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல இருபது பேர் நின்றிருந்தார்கள். கவுண்டர் அம்மா எழுந்து இடம் கொடுத்தார். மேனேஜர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

பென் டிரைவைச் செருகிப் பொத்தானை அழுத்தினார். ‘தொடங்குகிறது.’ கொம்பும் காலும் அதனதன் இடத்தில் இருந்தன.

“அட!” என்றார் மேனேஜர்.

அஸ்திவாரத்துக்கு மார்பு அகன்றது. “பாஸ்வேர்டுகூடத் தமிழ்லயே அடிக்கலாம் சார்” என்று தன் பாஸ்வேர்டை அடித்தார். பாஸ்வேர்டை மறைக்கும்படி புரோகிராமுக்குச் சொல்ல மறந்துவிட்டது, அடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது. திரையில் உள்ளங்கை அகல எழுத்தில் ஒளிர்ந்தது: ‘மேனேஜர்ஒருமண்டு.’

வரிசையில் முதலாவதாக நின்றவர் சத்தமாகப் படித்தார். பின்னால் நின்றவர்களுக்காக இன்னொரு தடவையும் படித்தார்.

“புள்ளியெல்லாம் கரெக்டா உக்காந்திருக்குய்யா” என்றார் மேனேஜர், மிகவும் மெதுவாக.

“சார், அது சும்மா ஒரு உதாரணத்துக்கு… ஒரு நிமிஷம், மறைச்சுடறேன்.”

வேர்த்து ஒழுக ஒரு வரியை மாற்றினார். பாஸ்வேர்டு நட்சத்திரங்களாக மாறியது. தொடர்ந்து மற்ற எல்லா எழுத்தும் நட்சத்திரங்களாக மாறின. திரை முழுக்க ஒரே வானம். கீபோர்டும் மறுபடி சிறைப்பட்டது.

“தண்ணி எப்ப வரும்னு அதுல போட்டிருக்கா?” என்று கேட்டது வரிசை.

அஸ்திவாரம் மேஜைக்கு அடியில் நுழைந்து ஒரு சுவிட்சை அணைத்தார். ஐந்து கவுண்டரும் இருண்டன. மின்விசிறியும் நின்றது. வரிசை கவுண்டருக்குள்ளேயே வந்துவிட்டது.

மேனேஜர் சுவிட்சைப் போட்டார். பென் டிரைவைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு கணினியைத் தொடங்கினார். பழைய கறுப்புத் திரை வந்தது, கர்னல் எழுதிய பழைய பொடி எழுத்துகளோடு.

“நாளையிலேருந்து கீழ்த்தளம்” என்றார்.

மூன்று மாத உழைப்பு போயிற்று. அஸ்திவாரம் மேஜைக்கடியிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்து வந்து என்ன ஆகப்போகிறது?

கவுண்டர் அம்மா குனிந்து, ஆறுதலாகச் சொன்னார்: “நீங்க எதுக்கு சார் இவ்வளவு கஷ்டப்படறீங்க? எழுத்து தெரியலைன்னு எழுதிப் போட்டது நான்தான், மறுநாளே கண்ணாடியை மாத்திட்டேனே!”