ஆறு சட்டி ரோசா

"இண்டைக்கும் வாடித்தான் இரிக்கி" என்றபடி றுமைஸ் ஜன்னலுக்கு வெளியே பூச்சட்டிகளுக்குப் பக்கத்தில் குந்தினான்.

உள்ளே, கட்டிலில், மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டியபடி மனைவி ஹப்ஸா படுத்திருந்தாள். கிணற்றடியில் வழுக்கி விழுந்து பத்து நாள். பதினெட்டு வருடத்தில் அவள் ஒரு நாளும் படுத்தவளல்ல. அந்த நன்றியில்தான், பார்த்துக்கொண்டு கிடக்க ஏதாவது இருக்கட்டுமென்று ஆறு சட்டி குட்டி ரோசா வாங்கி ஜன்னலோரம் அடுக்கியிருந்தான். ஏறாவூரிலிருந்து காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, ஓட்டமாவடித் துணிக்கடையில் நின்று, ஐந்து மணிக்குத் திரும்புகிறவன். வந்து பார்க்கும்போதெல்லாம் பூக்கள் சுருண்டு கிடந்தன.

"தண்ணி காணாதோ?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதான் பக்கத்துல இருந்து பாக்கணும்" என்றாள் ஹப்ஸா.

இரண்டு வேளையும் வாளி வாளியாக ஊற்றினான். ஒரு சட்டி அழுகியது.

கடை முதலாளி யூரியா போடச் சொன்னார். வயலுக்கு வைத்திருந்ததில் ஒரு கை அள்ளிப் போட்டான். இன்னொரு சட்டி கருகியது.

வெயில்தான் காரணமென்று முடிவு செய்து, வெள்ளிக்கிழமை லீவில் விடியவே மிச்சம் நாலையும் குசினிப் பக்கத்து நிழலில் வைத்தான். அன்று முழுக்கக் காவலிருந்தும் ஒரு மொட்டுக்கூட விரியவில்லை.

"பழைய இடத்திலயே வையுங்க. வாடினாலும் எனக்குப் பாக்கணும்" என்றாள் அவள்.

அன்றிலிருந்து சந்திக் கடை அரட்டையையும் விட்டுவிட்டு, பின்னேரமெல்லாம் ஜன்னலடியில்தான். கத்தரிக்கோலால் நுனி வெட்டுவான், கடையில் நடந்ததைச் சொல்வான், அவள் சிரிப்பாள். தேத்தண்ணியையும் அங்கேயே கொண்டுவந்து இருவரும் குடித்தார்கள்.

"செடிய சாகடிச்சிப் போட்டன். மன்னிச்சிக்க."

"அல்ஹம்துலில்லாஹ், எனக்கு ஒரு குறையுமில்ல. இன்னும் கொஞ்சம் கவனிச்சிப் பாருங்க."

அந்தப் பொறுமை அவனை வதைத்தது. அடுத்த புதன்கிழமை கடையில் மின்சாரம் போய், பதினொரு மணிக்கே எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். வழியில் ஒரு கட்டு பிளாஸ்டிக் பூ வாங்கினான். அவள் தூங்கும்போது சட்டிகளில் குத்திவிட்டால் ஒரு நாளாவது சந்தோசப்படுவாள்.

படலையைத் திறந்தவன் நின்றுவிட்டான்.

நாலு சட்டியும் பூத்துக் கொட்டியிருந்தன. சிவப்பு, மஞ்சள், ரோசா. பூவுக்குப் பூ தேனீ. உள்ளே ஹப்ஸா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டு ஸகியா ராத்தா வாசற்படியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"ராத்தா, இது எப்ப சுகமாச்சி?"

ஸகியா அவன் கையிலிருந்த பிளாஸ்டிக் பூவைப் பார்த்தாள். பிறகு ஜன்னலை எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, இது பத்துமணிப் பூ. ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு விரிஞ்சி, மூணு மணிக்குச் சுருண்டுரும். இந்தக் குறிச்சியில உங்களத் தவிர எல்லாருக்கும் தெரியும். ஹப்ஸாதான் சொல்ல வேணாமெண்டா; செடிக்கி நோய் வருத்தமில்லயெண்டு தெரிஞ்சா, மனிசன் திரும்பவும் பின்னேரத்துல சந்திக் கடைக்குப் போயிருவாராம்."